கவிழ்த்து வைத்த தட்டுகள்

வால்வு கம்பெனியில் சண்டை வந்தால் பின்பக்கத்துக் காலனியில் விருந்து. தொண்ணூறுகளில் அந்த வட்டாரத்தில் இதுதான் நடைமுறை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையைப் பார்த்து கம்பெனியின் முன்வாசல். பின்சுவரை ஒட்டி அந்தோணியார் கோயில், அதைச் சுற்றி காலனி வீடுகள். தொழிலாளிகள் போனஸுக்கோ பஞ்சப்படிக்கோ முறைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கினால், அத்தனை சோறும் குழம்பும் பின்கேட் வழியாகக் காலனிக்கு வந்துவிடும். ஜனங்கள் குண்டானும் தூக்குவாளியுமாக வந்து நிற்பார்கள். கோரிக்கை என்ன, நியாயம் யார் பக்கம் என்றெல்லாம் ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் சங்கத்துக்கு அவ்வளவு விசுவாசமான ஆதரவாளர்கள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவள் ஜெசிந்தா. அவளும் காலனிக்காரிதான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயலின் மேல்தான் கம்பெனி எழும்பியது. வயல் வேறு யாருடையதோ. விற்றதும் அந்த வயல்காரர்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போனதும் அவர்கள். காலனிக்குக் கிடைத்தது 'எல்லாருக்கும் வேலை தருவாங்க' என்கிற பேச்சு மட்டும். அந்தப் பேச்சு ஜெசிந்தா விஷயத்தில் பாதி பலித்தது. கல்பாக்கம் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜேந்திரன் விபத்தில் செத்துப்போய், கைக்குழந்தை ஷாரோனோடு அவள் நின்றபோது, பங்குச் சாமியார் போய்ப் பேசி கேன்டீனில் சேர்த்துவிட்டார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. கேன்டீனைக் கம்பெனியே நடத்திய காலம்.

முதலில் டெம்பரவரி. கொஞ்ச நாள் போனால் பெர்மனென்ட் ஆகிவிடும் என்றார்கள். அவளுக்கு முன்னால் சேர்ந்த இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அடுத்தது அவள் முறை. 'கம்பெனி ஆள்' என்று இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குள் எல்லாம் இருந்தது. உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி, சுடுகஞ்சி காலில் கொட்டினால் சம்பளத்தோடு லீவு, வயசான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஒரு கவளம். போதாததற்கு, கம்பெனி ஆட்களின் பிள்ளைகளைச் செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஒரு பஸ் வரும். டெம்பரவரியாக இருந்தாலும் ஷாரோனை அதில் ஏற்றிக்கொண்டார்கள். பஸ் ஜன்னலிலிருந்து மகள் கையாட்டுகிறபோது ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியாது.

வேலைக்குச் சேர்ந்த மறு வருஷமே முதல் புறக்கணிப்பு வந்தது. நாளைக்கு யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். யாரும் சாப்பிடாத சோற்றை எதற்கு முழுசாக வடிக்க வேண்டும்? ஜெசிந்தா தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிப் பாதி அரிசிதான் போட்டாள். சாம்பாரிலும் காயைக் குறைத்தாள். காலையில் ராஜாராம் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். மெஷின் ஷாப்பில் வேலை, சங்கத்துக்குச் செயலாளர். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. அண்டாவைத் திறந்து பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இன்னாம்மா இது, பாதி அண்டா? நாங்க இன்னா பாதிப் பேரா பட்னி கெடக்கப் போறோம்?”

“யாரும் துன்ன மாட்டீங்கன்னு சொன்னாங்களே அண்ணா. வீணாப் பூடுமேன்னு…”

“வீணாப் போவணும்மா! அதுக்குத்தானே பண்றோம். இத்தப் பாரு, கொழம்பு தண்ணியா இருந்தா மேனேஜரு இன்னா சொல்வான்? சாப்பாடு நல்லால்ல, அதான் வேணான்றானுங்கன்னு பூடுவான். நீ மணக்க மணக்க வெக்கணும். அத்தப் பாத்தும் வேணாம்னு சொன்னாத்தான் அவனுக்கு ஒறைக்கும்.”

அவள் மறுபடியும் உலை வைத்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகவே ஆகிவிட்டது. புறக்கணிப்பு என்றால் அன்று கேன்டீனில் விசேஷச் சமையல். மற்ற நாளில் ஏனோதானோவென்று கிடக்கிற ரசம்கூட அன்று மிளகும் சீரகமும் நுணுக்கிப்போட்டு வாசனை தூக்கும். மணி அடித்ததும் தொழிலாளிகள் வரிசையாக வருவார்கள். சாப்பிடப் போவதில்லை என்றாலும் கைகழுவுவதை ஒருவரும் விட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பெரிய கூடம் முழுக்கக் கவிழ்ந்த எவர்சில்வர் தட்டுகள். மேனேஜர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

ஜெசிந்தாவோடு காய் நறுக்குகிற லோகநாயகிக்கு மட்டும் இது பிடிக்காது. “சோத்துத் தட்டக் கவுத்து வெக்கிறது தரித்திரம்க்கா,” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஜெசிந்தாவுக்கு அப்படித் தோன்றவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்று, தன் குழம்பு வாசனையில் அத்தனை ஆம்பிளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் ஆபீசிலிருந்து பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஜெயித்துவிட்டு ராஜாராம் நேராகச் சமையல்கட்டுக்குத்தான் வருவார். “ஜெயிச்சது நாங்க இல்லம்மா, உன் கொழம்பு,” என்பார். அதை அவள் நம்பினாள். நம்பியதில் தப்பில்லை. அந்த நாட்களில் அது உண்மையாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றேழில் பெரிய ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். நாட்டைத் திறந்துவிட்டாயிற்று, வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வந்துகொண்டிருக்கிறது, போட்டி பலமாகிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று நிர்வாகம் பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில், சங்கம் கனவிலும் நினைக்காத சம்பள உயர்வு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தது. பதிலுக்கு ஒரு சின்ன விஷயம்தான் கேட்டது. உற்பத்திக்கு நேரடிச் சம்பந்தமில்லாத வேலைகளை வெளியாளிடம் விட்டுவிட வேண்டும். தோட்டம், காவல், கேன்டீன். ராஜாராம் இழுத்தடித்துப் பார்த்தார். கமிட்டியில் இருந்தவர்களுக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் கண்ணுக்கு முன்னால் நின்றன. தோட்டக்காரனுக்காகவும் சமையல்காரிக்காகவும் யாராவது இவ்வளவு பெரிய உயர்வை விடுவார்களா என்று அவரை மடக்கினார்கள். கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தம் முடிந்த சந்தோஷத்துக்குக் கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார்கள். பிடித்தது ஜெசிந்தா. முந்திரி தாராளமாகப் போட்டு, நெய் மணக்க, ஒவ்வொன்றையும் ஒரே அளவாக உருட்டி அடுக்கினாள். எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் ராஜாராம் வந்து விஷயத்தைச் சொன்னார். தன்னை விற்றதற்குத் தானே லட்டு பிடித்துக் கொடுத்தவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“பேருக்குத்தாம்மா காண்ட்ராக்ட். அதே சமையல்கட்டு, அதே அண்டா, அதே நீ. ஒண்ணும் மாறாது. அடுத்த ஒப்பந்தத்துல உன்ன உள்ள இஸ்துக்கறேன். நான் கீறேன் இல்ல?”

“அப்ப நான் கம்பெனி ஆளு இல்லியா அண்ணா?”

ராஜாராம் லட்டு இருந்த காலித் தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அடுத்த மாதமே பஸ் டிரைவர் ஷாரோனை ஏற்றிக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன்தான். “எனக்கு ஆர்டரும்மா,” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஒன்றும் மாறாது என்று சொன்னார்களே, முதலில் மாறியது ஒரு குழந்தை போகிற பஸ். ஷாரோன் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு நடந்துபோய் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். கம்பெனி பஸ் அவளைத் தாண்டிப் போகும்போது உள்ளே இருக்கிற சிநேகிதிகள் கையாட்டினார்கள்.

காண்ட்ராக்ட் எடுத்தவர் செல்வராஜ். வாய் நிறைய அம்மா, தாயி என்பார். காரியத்தில் மகா கெட்டி. கொஞ்ச காலம் தன் பெயரில் கேட்டரிங் நடத்துவார். பிறகு அதை மூடிவிட்டு மனைவி பெயரில் ஒன்று, அப்புறம் மச்சான் பெயரில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பழைய ஆட்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். சமையல்கட்டில் முடி நரைத்தவள் ஜெசிந்தா. ஆனால் காகிதத்தில் அவளுக்கு வயசாவதே இல்லை. எப்போது கேட்டாலும் புதுசாகச் சேர்ந்தவள்தான்.

கேன்டீனோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நிற்குமா? அடுத்து பேக்கிங் போனது. அதுவும் உற்பத்தி இல்லையாம். பிறகு லோடிங், பிறகு பெயின்ட் அடிக்கிற இடம். “வால்வு செய்யறதே உற்பத்தி இல்லன்னு சொல்டுவானுங்க பாருக்கா,” என்று லோகநாயகி கிண்டல் செய்தாள். கிண்டல் செய்த கொஞ்ச நாளிலேயே அதுவும் நடந்தது. விருத்தாசலம், திருவாரூர், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ ஐடிஐ முடித்த பையன்கள் டிரெய்னி என்று வந்து இறங்கினார்கள். மெஷினில் நின்று வால்வைக் கடைந்தவர்கள் இனி அவர்கள்தான். டிரெய்னி என்றால் தொழிலாளி இல்லை, பழகுகிறவன். பழகுகிறவனுக்குச் சங்கம் எதற்கு? வருஷம் முடிந்ததும் சிலரை இன்னொரு வருஷம் பழக வைப்பார்கள், மற்றவர்களை ஊருக்கு அனுப்புவார்கள். பழைய பெர்மனென்ட்காரர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனார்கள். அந்த இடங்களுக்குப் பெர்மனென்ட்டாக ஆள் வரவில்லை.

சட்டப் புத்தகத்திலிருந்து யாரும் பக்கத்தைக் கிழித்துப் போட்டதாகத் தெரியவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற ஆள்தான் வராமல் போனான். முன்பெல்லாம் லேபர் ஆபீசிலிருந்து வருகிறார்கள் என்றால் சமையல்கட்டில் புகை போக ஃபேன் ஓடும், பெண்களுக்குக் கையுறை வரும். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதலீடு செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மேலேயே சொல்லிவிட்டார்களாம், கம்பெனிக்காரர்களே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பெரிய தீர்ப்பும் வந்தது. காண்ட்ராக்ட் முறையை அரசாங்கமே ஒழித்தாலும், அந்த ஆட்களைக் கம்பெனி தானாக எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்று அதற்கு அர்த்தம் சொன்னார் செங்கல்பட்டு வக்கீல். ராஜாராம் அதைக் கேட்டுவிட்டு வந்து சமையல்கட்டில் ஒரு டீ குடித்தார். வழக்கமாக இரண்டு குடிப்பவர்.

சங்கம் இளைத்துப்போன பிறகுதான் சங்கத்துக்குப் புத்தி வந்தது. இரண்டாயிரத்து ஆறில் எண்ணிப் பார்த்தால், கேன்டீனில் ஒரு பக்கத்து வரிசை நிரம்புகிற அளவுக்குத்தான் பெர்மனென்ட்காரர்கள். மீதிக் கூடம் முழுக்க டிரெய்னிகளும் காண்ட்ராக்ட் ஆட்களும். ராஜாராமுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. போவதற்குள் ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று வெறி வந்தவர் மாதிரி அலைந்தார். பெரிய தொழிற்சாலை என்றால் கேன்டீன் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதனால் கேன்டீன் ஆட்களைக் கேட்பதில்தான் நமக்குக் கொஞ்சமாவது பிடிமானம் உண்டு, முதலில் அவர்களை உள்ளே கொண்டுவந்தால் பின்னாலேயே பேக்கிங்கையும் கேட்கலாம் என்று வக்கீல் யோசனை சொல்லியிருந்தார்.

“ஜெசிந்தா, இந்தத் தபா கோரிக்கை நீதாம்மா,” என்றார் ராஜாராம். “போனஸ் இல்ல, பஞ்சப்படி இல்ல. கேன்டீன் பொம்பளைங்கள கம்பெனி ஆளா எடு. அது ஒண்ணுதான்.”

ஜெசிந்தா மிளகாயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆசைப்படுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். ஆசைப்படாமல் இருக்கப் பழகிவிட்டால் உடம்புக்கு ஒரு நிம்மதி உண்டு. அதை ராஜாராம் வந்து கெடுத்துவிட்டார். கம்பெனி ஆள் என்ற அந்த இரண்டு வார்த்தை அன்று முழுக்க மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்த ஷாரோனிடம், “கம்பெனி ஆஸ்பத்திரியிலயே காமிச்சிக்கலாம்டி,” என்றுகூடச் சொல்லிவிட்டாள். ஷாரோன் அப்போது பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பொத்தேரி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள்.

நிர்வாகம் முடியாது என்றது. புதன்கிழமை புறக்கணிப்பு என்று சங்கம் அறிவித்தது. புதன்கிழமைதான் கேன்டீனில் மீன். ராஜாராம் யோசித்துத்தான் அந்த நாளை வைத்தார்.

செல்வராஜ் சமையல்கட்டுக்கு வந்து சிரித்தார். “இன்னா தாயி, உனக்கோசரம் பட்னி கெடக்கறாங்களாமே? சந்தோஷம். சமையல் மட்டும் நிக்கக் கூடாது. நின்னா மறுநாளே வேற ஆளு, வேன்ல சாப்பாடு வந்துடும்.” ராஜாராமும் வேறு காரணத்துக்காக அதையேதான் சொன்னார். “நீங்க வேலய நிறுத்துனா தூக்கிடுவான். நீ எப்பவும் போல சமை. வேணாம்னு சொல்றது எங்க வேல.”

டிரெய்னிகளிடம் ஜெசிந்தாவே பேசினாள். டீ ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் கேட்டாள். “புதங்கெழம ஒரு வேள. எனக்கோசரம்.” அந்தப் பையன்களுக்கு அவள்மேல் பிரியம்தான். வாடகை ரூமில் காலையில் ஒன்றும் தின்னாமல் ஓடிவருகிறவர்களுக்கு டீயோடு ஆறிப்போன இட்லி, உடைந்த வடை என்று ஏதாவது தள்ளிவிடுவாள். விருத்தாசலத்துப் பையன் ஹேமந்த் நெஞ்சில் கை வைத்து, “உங்களுக்குச் செய்ய மாட்டமாக்கா? சத்தியமா சாப்பிட மாட்டோம்,” என்றான். மனசாரத்தான் சொன்னான்.

புதன்கிழமை காலை லோகநாயகி உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, ரெண்டு கை சேத்து அள்ளிப் போட்டுரு. இல்ல, புளியக் கரைச்சு வுட்டுரு. எவனும் வாயில வெக்க முடியாது. சோலி முடிஞ்சுது.”

“சீ, போடி. அப்பறம் சாப்பாடு நல்லால்லன்னுதானே சொல்வாங்க? வேணாம்னதா ஆவுமா?”

“காலம் மாறிப் போச்சுக்கா. பழைய ஆளுங்களா ஒக்காரப் போறாங்க?”

ஜெசிந்தா காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷம் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் மணக்க மணக்கச் சமைத்தவள், தன் காரியத்துக்கு மட்டும் மட்டமாகச் சமைப்பாளா? சதுரங்கப்பட்டினத்திலிருந்து விடிகாலையில் வந்த சங்கரா மீன் கண் மினுமினுவென்று இருந்தது. வீட்டில் வறுத்து அரைத்த மசாலாவை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாக வதக்கினாள். மாங்காய்க் கீற்றுப் போட்டு, கொதி அடங்கின பிறகு மீனைப் போட்டு, மூடி வைத்து, கடைசியில் நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்துக் கொட்டினாள். அந்த வாசனை கூடத்தைத் தாண்டி மெஷின் ஷாப்வரை போனது. இந்த மாதிரிக் குழம்பு அவள் வைத்ததே இல்லை. தலை கனத்துப்போகிற மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

மணி அடித்தது. பெர்மனென்ட்காரர்கள் முதலில் வந்தார்கள். கை கழுவினார்கள், தட்டெடுத்தார்கள், ஜன்னலோரத்து வரிசையில் உட்கார்ந்து கவிழ்த்து வைத்தார்கள். ராஜாராம் கடைசி இடத்தில்.

கூடத்தின் நடுவில் பெர்சனல் ஆபீசர் ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். ஐயங்கார். மீன் நாளில் கேன்டீன் பக்கமே தலைகாட்டாத மனுஷர். அன்று அந்த வாசனையின் நடுவில் ஒரு தட்டு தயிர்சாதமும் ஊறுகாயுமாக உட்கார்ந்துகொண்டார். மிரட்டவில்லை, முறைக்கவில்லை. டிரெய்னிகளின் வருஷம் அடுத்த மாதம் முடிகிறது, யார் இருப்பது யார் போவது என்பது அவர் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்: “வாங்கோப்பா, ஆறிடறதுக்குள்ளே உட்காருங்கோ.”

பையன்கள் கை கழுவிவிட்டுத் தட்டோடு நின்றார்கள். ஹேமந்த் முதலில் உட்கார்ந்தான். தட்டைக் கவிழ்க்கத் தூக்கினான். பாதியில் கை நின்றது. ஆபீசரைப் பார்த்தான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஜெசிந்தாவைப் பார்த்தான். பிறகு தட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவன் நிமிர்த்தினான். அப்புறம் கூடம் முழுக்கத் தட்டுகள் நிமிர்ந்து விழுகிற சத்தம்.

லோகநாயகி கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். ஜெசிந்தா போகவில்லை. போயிருக்கலாம். ஆனால் பசித்த வயிறு தட்டை நீட்டினால் போடாமல் நிற்க அவளுக்குத் தெரியாது. அந்த வயசுக்கு மேல் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். முதலில் தயங்கித் தயங்கித் தின்றவர்கள், நாக்கில் ருசி பட்டதும் எல்லாவற்றையும் மறந்தார்கள். வீட்டை விட்டு வந்ததிலிருந்து அப்படி ஒரு சாப்பாடு அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். “அக்கா, இன்னும் கொஞ்சம் கொழம்பு,” என்று ஒருவன் கேட்டான். ஊற்றினாள். ஹேமந்த் கேட்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையே அவனுக்கு ஒரு நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

அரை மணி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். ராஜாராம் தன் தட்டைத் தானே கொண்டுவந்து கழுவுகிற தொட்டியில் போட்டார். அது கழுவத் தேவையில்லாத தட்டு.

“நல்லாத்தான் வெச்சிருந்தம்மா,” என்றார். அந்த ஆறடிக் குரல் எங்கோ போயிருந்தது. “வாசன தூக்கிருச்சு.”

“நீங்க சொன்ன மாதிரியேதான் வெச்சேன் அண்ணா,” என்றாள் ஜெசிந்தா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பின்கேட்டில் சத்தம் கேட்டது. புறக்கணிப்பு என்று காதில் விழுந்து காலனியே குண்டானும் தூக்குவாளியுமாக வந்து நின்றது. மீன் குழம்பு வாசனை அவர்களுக்கும் காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“இன்னா ஜெசிந்தா, கேட்டத் தொறக்க மாட்டியா? புள்ளைங்க காத்துக்கினு கீதுங்க.”

“இல்ல. தீந்து போச்சு.”

“தீந்து போச்சா? ஸ்ட்ரைக்குன்னாங்களே!”

அவள் அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு மாங்காய்க் கொட்டையும் கொஞ்சம் எண்ணெயும் கிடந்தன. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் பாத்திரங்களோடு கலைந்துபோனார்கள். கம்பெனிச் சண்டையில் காலனி பட்டினி கிடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மத்தியானம் பேச்சுவார்த்தைக்குச் சங்கத்தைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பேசுவதற்கு இல்லை. கேன்டீன் இப்போது இருக்கிற ஏற்பாட்டிலேயே மிகவும் திருப்தியாக நடக்கிறது, தொழிலாளர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரு பருக்கை மிஞ்சவில்லை, வேண்டுமானால் அண்டாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீனிவாசராகவன் போகிற வழியில் சமையல்கட்டுக்கு வந்து, “நான் அந்த அயிட்டம் தொடறதில்லை. ஆனா எல்லாரும் ஒரே புகழ்ச்சி. ரொம்ப சந்தோஷம்மா,” என்று மனசாரப் பாராட்டினார். அவர் பாராட்டில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அதன் பிறகு சங்கம் புறக்கணிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஜன்னலோரத்து வரிசையில் இருந்தவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ராஜாராம் ரிட்டயர் ஆகி வேடந்தாங்கல் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற நாளில் சமையல்கட்டுக்கு வரவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது முன்வாசலில் நின்ற சங்கக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள். திரும்ப நட ஆள் இல்லை. செல்வராஜ் மருமகன் பெயரில் புதுசாக ஒரு கேட்டரிங் ஆரம்பித்தார். ஜெசிந்தா மறுபடியும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். லோகநாயகியைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அன்றைக்குக் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனதற்காக.

ஹேமந்துக்கு இன்னொரு வருஷம் நீட்டித்தார்கள். அவன் ரொம்ப நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் டீ வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் பழகிவிட்டது. எல்லாமே பழகிவிடுகிறது. புதிதாக வந்த டிரெய்னிகளிடம் அந்தக் குழம்பைப் பற்றிப் பழைய பையன்கள் கதை கதையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை, தட்டில் விழுந்த தண்ணிக் குழம்பைப் பார்த்துவிட்டு ஹேமந்த் உரிமையோடு கேட்டான்.

“அக்கா, அன்னைக்கு ஒரு மீன் கொழம்பு வெச்சீங்களே! அந்த மாதிரி இன்னொரு தடவ வைங்கக்கா. இவனுங்க எல்லாம் ஆசப்படறானுங்க.”

“வெக்கறேன்டா,” என்றாள் ஜெசிந்தா. “நீங்கல்லாம் வேணாம்னு சொல்ற அன்னிக்கு வெக்கறேன்.”

புதுப் பையன்கள் சிரித்தார்கள். வேணாம்னு சொல்லிவிட்டால் எதற்குக் குழம்பு என்று ஒருவன் கேட்டான். ஹேமந்த் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவள் அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். தட்டுகள் எல்லாம் நிமிர்ந்தே இருந்தன.